சமைத்த கை: ஒரு சத்துணவுக் கூடமும் சாதி என்ற நிறுவனமும்

2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் சேவூர் அருகேயுள்ள திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளிக்குச் சத்துணவுச் சமையலராக ஒரு பெண் மாறுதலாகி வந்தார். வேலைக்குப் புதியவர் இல்லை, வேறு பள்ளிகளில் பல ஆண்டுகள் சமைத்தவர். ஊருக்கும் புதியவர் இல்லை, அங்கேயே வாழ்பவர். அருந்ததியர் என்ற தலித் சாதியைச் சேர்ந்தவர். இவர் சமைத்தால் எங்கள் பிள்ளைகள் சாப்பிடமாட்டார்கள் என்று ஆதிக்கச் சாதிப் பெற்றோர் திரண்டு வந்தார்கள். பள்ளிக் கதவைப் பூட்டினார்கள். ஆளை மாற்றச் சொன்னார்கள். ஊராட்சி ஒன்றிய நிர்வாகமும் அவரை வேறு பள்ளிக்கு மாற்றி உத்தரவு போட்டுவிட்டது.

செய்தி வெளியே வந்ததும் தலித் அமைப்புகளும் இடதுசாரிகளும் போராட்டத்தில் இறங்கினார்கள். சார் ஆட்சியர் தலையிட்டு மாறுதலை ரத்து செய்தார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் 80-க்கும் மேற்பட்டோர் மீது சேவூர் காவல் நிலையத்தில் வழக்குப் பதிவானது. நாளிதழ்களில் இதைப் படித்தவர்கள் பெரும்பாலும் கதவைப் பூட்டியவர்களைப் பற்றித்தான் பேசினார்கள். எனக்கு அந்த முதல் மாறுதல் உத்தரவுதான் முக்கியமாகப் படுகிறது. ஏன் என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பந்தி

சமூகவியலில் ‘நிறுவனம்’ என்றால் கட்டடமோ அலுவலகமோ இல்லை. தலைமுறை தலைமுறையாக ஒரே மாதிரி நடந்துவரும் ஒழுங்கு அது. அதை மீறினால் யாராவது தட்டிக் கேட்பார்கள். அந்தக் கணக்கில் குடும்பமும் ஒரு நிறுவனம், கோவிலும் ஒரு நிறுவனம், பந்தியும் ஒரு நிறுவனம். யாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம், யார் கையால் வாங்கிச் சாப்பிடலாம், யார் எச்சில் இலையை யார் எடுப்பது என்பதற்கெல்லாம் எங்கும் எழுதப்படாத, எல்லாருக்கும் மனப்பாடமான சட்டம் இருந்தது. நம்மூர்ச் சீர்திருத்தக்காரர்கள் மறுபடி மறுபடி சோற்றிலேயே கைவைத்தது அதனால்தான்.

1867-இல் வடலூரில் வள்ளலார் சத்திய தருமச் சாலையைத் திறந்தார். வந்தவர் யாரானாலும் சாதி கேட்காமல் சோறு. அன்று ஏற்றிய அடுப்பு இன்னும் அணையவில்லை. 1917-இல் கேரளத்துச் செறாயியில் சகோதரன் ஐயப்பன், தீண்டத்தகாதவர்களாக ஒதுக்கப்பட்ட புலையர்களோடு சேர்ந்து உட்கார்ந்து உண்ணும் மிசிரபோஜனம் நடத்தினார். சொந்தச் சாதிக்காரர்களே அவரை ‘புலையன் ஐயப்பன்’ என்று ஏசினார்கள். அவர் அதையே பட்டமாக எடுத்துக்கொண்டார்.

தமிழ்நாட்டு அரசியலையே திருப்பிப்போட்ட பந்தித் தகராறு சேரன்மாதேவியில் நடந்தது. விடுதலைப் போராட்டக்காரர் வ.வே.சு. ஐயர் 1922-இல் அங்கே ஒரு குருகுலம் தொடங்கியிருந்தார். தேசியக் கல்வி, தாய்மொழி, உடலுழைப்பு என்று எல்லாம் நல்ல நோக்கங்கள். காங்கிரஸ் 5,000 ரூபாய் கொடுத்திருந்தது. அங்கே இரண்டு பிராமணச் சிறுவர்களுக்கு மட்டும் தனியாகச் சாப்பாடு போடுவது வெளியே தெரிந்தது. அப்போது காங்கிரஸில் இருந்த வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் விடவில்லை. ஐயர் தரப்பில் சொல்லப்பட்ட சமாதானத்தைக் கவனிக்க வேண்டும்: அந்தப் பெற்றோருக்கு வாக்குக் கொடுத்துவிட்டோம். காந்தி வரை பஞ்சாயத்து போனது. 1925 ஜூனில் பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்றப் போய் ஐயர் இறந்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் பெரியாரும் காங்கிரஸை விட்டு வெளியேறினார்.

ஐயர் சாதி வெறியர் இல்லை. அவரே சாதிச் சடங்குகளைப் பெரிதாக மதித்தவரும் இல்லை. அதனால்தான் இந்த நிகழ்வு பாடமாக எடுக்கத் தக்கது. நிறுவனம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வெறியர்கள் தேவையில்லை. ‘பெற்றோர் கேட்கிறார்கள்’ என்று சொல்லி ஒதுங்கிக்கொள்ளும் நல்லவர்கள் போதும். 1925-இல் வந்த அதே வாக்கியம் 2018-இலும் ஓர் அலுவலக மேசைக்கு வந்து சேர்ந்தது.

அரசு போட்ட பந்தி

பள்ளியில் சோறு போடும் யோசனை இங்கே 100 ஆண்டு பழசு. 1920 செப்டம்பரில் சென்னை மாநகராட்சி, பிட்டி தியாகராயர் தலைமையில், ஆயிரம் விளக்குப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானம் போட்டது. ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து இந்தச் செலவைச் செய்ய ஆங்கில அரசு ஒப்பாததால் 1925-இல் அது நின்றது. 1956-இல் காமராஜர் ஆட்சியில், கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலுவின் உழைப்பில், ஊரார் கொடுக்கும் நெல்லையும் பருப்பையும் நம்பி மதிய உணவுத் திட்டம் எழுந்தது. ஆடு மேய்த்த பையன் ‘பள்ளிக்கூடம் போனா சோறு யாரு போடுவா’ என்று காமராஜரைக் கேட்டதாக ஒரு கதை உண்டு. அதன் ஒரு வடிவம் நடப்பதும் சேரன்மாதேவி ரயில்வே கேட்டில்தான். கதை எவ்வளவு உண்மையோ, இடப்பொருத்தம் சுவாரசியம்.

1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 1989-இல் கருணாநிதி முட்டையைச் சேர்த்தார். முதலில் இரண்டு வாரத்துக்கு ஒன்று. 2010-க்குள் வாரம் ஐந்து. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவு தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையில் தொடங்கி எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போனது.

சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் ஒரு நிறுவனத்தின் வெளிப்படையான பயனையும் மறைந்திருக்கும் பயனையும் பிரித்துப் பார்க்கச் சொன்னார். சத்துணவின் வெளிப்படையான பயன் பசி தீர்வது, பிள்ளைகள் பள்ளியில் நிற்பது. மறைந்திருக்கும் பயன், வரிசையாக உட்கார்ந்த பிள்ளைகளின் தட்டில் ஒரே அண்டாச் சோறு விழுவது. தமிழ்நாட்டில் இந்த இரண்டாவது பயன் பெரும்பாலான ஊர்களில் நடந்தேறிவிட்டது என்றே சொல்லலாம். காலனிப் பிள்ளையும் ஊர்ப் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது இன்று பள்ளி வராண்டாவில் செய்தியே இல்லை. 1925-இல் அரசியல் கட்சியை உடைத்த விஷயம் அது. அந்த மாற்றத்தைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

ஆனால் கோடு அழியவில்லை. பந்தியிலிருந்து நகர்ந்து அடுப்படிக்குப் போய்விட்டது.

கொடுக்கிறவர் மேலே, வாங்குகிறவர் கீழே

உட்காருவதில் விட்டுக்கொடுத்தவர்கள் சமைப்பதில் ஏன் விட்டுக்கொடுக்கவில்லை? இதற்கு மக்கிம் மாரியட் என்ற அமெரிக்க மானிடவியலாளர் சொன்ன விளக்கத்தைவிடத் தெளிவானதை நான் படித்ததில்லை. 1950-களில் உத்தரப் பிரதேசத்துக் கிராமம் ஒன்றில் தங்கியிருந்த அவர், எந்தச் சாதி எந்தச் சாதிக்கு என்ன உணவைக் கொடுக்கிறது, யாரிடமிருந்து வாங்குகிறது, யாரிடம் வாங்க மறுக்கிறது என்று கட்டம் போட்டு எழுதினார். மேல்கீழ் வரிசை அந்தக் கட்டத்திலிருந்தே எழுந்து வந்தது. எல்லாருக்கும் கொடுத்து யாரிடமும் வாங்காதவர் உச்சி. எல்லாரிடமும் வாங்கி யாருக்கும் கொடுக்க முடியாதவர் அடி. சமைக்காத தானியத்துக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. தண்ணீரில் வெந்த சோற்றுக்கு மிகக் கடுமை.

இதைத் திருப்பூர்ப் பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். காட்டில் களை வெட்டியது யார் கை? தக்காளி பறித்தது, வெங்காயம் அறுத்தது, மூட்டை தூக்கியது யார் கை? அந்தக் கையைப் பற்றி ஒருவருக்கும் புகார் இல்லை. அதே கை உலை வைத்து வடித்ததும் சோறு தீட்டாகிவிடுகிறது. சுத்தம் சுகாதாரம் என்று பேசுகிறவர்களுக்கு இந்த ஒரு கேள்வியே போதும்.

பந்தியில் தலித் பிள்ளையோடு உட்காருவது ஓரளவுக்கு இரண்டு பேரையும் ஒரே மட்டத்தில் வைக்கிறது. அடுப்பில் தலித் பெண் நிற்பது ஒழுங்கையே தலைகீழாக்குகிறது. அவர் கொடுக்கிறார், மற்றவர்கள் தட்டை நீட்டி வாங்குகிறார்கள். அதுவும் தினமும், அரசு முத்திரையோடு. ஊர் வழக்கத்தில் கூலியாகவோ மிச்சமாகவோ சோறு எப்போதும் ஊரிலிருந்து காலனிக்குத்தான் போகும். இங்கே காலனியிலிருந்து ஊர்ப் பிள்ளைக்கு வருகிறது. கதவைப் பூட்டியவர்கள் இதை இந்தச் சொற்களில் யோசித்திருக்க மாட்டார்கள். யோசிக்கத் தேவையே இல்லாதபடி பழகியிருப்பதுதான் பண்பாட்டின் வலு.

சமையல்காரரின் சாதி ஒரு காலத்தில் வெளிப்படையான விளம்பரமாகவே இருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘பிராமணாள்’ என்று பலகை மாட்டிய ஓட்டல்கள் ஊருக்கு ஊர் இருந்தன. 1957-இல் திருவல்லிக்கேணி முரளி கஃபே முன்னால் பெரியார் தொடர்ந்து மறியல் நடத்தியது அந்த ஒரு சொல்லை எடுக்க வைப்பதற்குத்தான். இன்று பலகை இல்லை. கல்யாணத்துக்குச் சமையல் ஆள் பேசும்போது ‘யாரை வச்சிருக்கீங்க’ என்று கேட்கும் தொனியில் பாதி இன்னும் மிச்சம் இருக்கிறது.

அடுப்படிக்குள்

இந்த வேலை எப்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்காமல் தகராறு புரியாது. தமிழ்நாட்டில் ஒரு சத்துணவு மையத்துக்கு அமைப்பாளர், சமையலர், சமையல் உதவியாளர் என்று மூன்று பணியிடங்கள். அமைப்பாளர் கணக்கு எழுதுவார், அரிசி பருப்பை அளந்து கொடுப்பார். சமையலரும் உதவியாளரும் அடுப்பில் நிற்பார்கள். மூவரில் யாரை வைத்துத் தகராறு வருகிறது என்று ஊகிப்பது கஷ்டமில்லை. நோட்டில் எழுதுகிறவர் மேல் எழும் எதிர்ப்பும் கரண்டி பிடிப்பவர் மேல் எழும் எதிர்ப்பும் ஒன்றில்லை.

நியமன விதிகளில் இரண்டைச் சொல்ல வேண்டும். விண்ணப்பிப்பவர் மையத்திலிருந்து 3 கிலோமீட்டருக்குள் குடியிருக்க வேண்டும். ஆதரவற்ற விதவைகளுக்கும் கணவரால் கைவிடப்பட்டவர்களுக்கும் தனி ஒதுக்கீடு உண்டு. இரண்டும் நல்ல விதிகள். காலையில் நேரத்துக்கு அடுப்பு மூட்ட வேண்டிய வேலைக்குப் பக்கத்து ஆள் வேண்டும். நாதியற்ற பெண்ணுக்கு ஒரு வருமானமும் வேண்டும். ஆனால் 3 கிலோமீட்டருக்குள் இருப்பவரின் சாதி ஊருக்கே தெரியும். எந்தத் தெரு, யார் வீட்டுப் பெண், அப்பா யார் வயலில் வேலை பார்த்தார் என்பது வரை தெரியும். நகரத்து ஓட்டலில் அடுப்பின் முன்னால் யார் நிற்கிறார்கள் என்று தெரியாமலே நாம் சாப்பிட்டுவிட்டு வருகிறோம். கிராமத்துப் பள்ளி அடுப்படிக்கு அந்த முகமின்மை கிடையாது. பக்கத்தில் ஆண் துணையில்லாத பெண் என்றால் மிரட்டுவதும் சுலபம்.

இன்னொரு விதி உச்ச நீதிமன்றத்தினுடையது. மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த உணவு உரிமை வழக்கில் 2001 நவம்பர் 28 அன்று நீதிமன்றம் எல்லா மாநிலங்களும் பள்ளியில் சமைத்த உணவு தர வேண்டும் என்றது. 2004 ஏப்ரல் 20 அன்று, சமைப்பவர்களை நியமிக்கும்போது தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தரச் சொன்னது. வேலைவாய்ப்புக்கான ஏற்பாடாக மட்டும் இதைப் படிப்பவர்கள் உண்டு. தீண்டாமையின் அடிமடியில் கைவைக்கும் உத்தரவு இது. சுகதேவ் தோரட்டும் ஜோயல் லீயும் தமிழ்நாடு உட்பட 5 மாநிலங்களில் 531 கிராமங்களின் விவரங்களைத் தொகுத்து 2005-இல் வெளியிட்ட ஆய்வில், தலித் சமையலர்களுக்கான எதிர்ப்பு எங்கோ ஒரு ஊரில் நடந்த விபத்து இல்லை என்பது தெளிவாகவே வந்தது. அங்கே எதிர்ப்புக்குப் பல படிகள். நியமனத்தையே தடுப்பது முதல் படி. நியமனம் ஆகிவிட்டால் பிள்ளைகளை நிறுத்திப் போராடுவது, வேறு குற்றம் சாட்டி ஆளை அனுப்பப் பார்ப்பது.

சத்தமில்லாத இன்னொரு வழியும் இருக்கிறது. சத்துணவு சாப்பிடுவது கட்டாயமில்லை. ‘எங்க புள்ளைக்கு வீட்டுச் சாப்பாடுதானுங்க’ என்று டிபன் டப்பா கொடுத்து அனுப்பிவிட்டால் சட்டம் எதுவும் செய்ய முடியாது. வருகைப் பதிவேட்டில் ஒரு எண், சாப்பிட்டோர் பதிவேட்டில் அதைவிடக் குறைந்த ஒரு எண். இடைவெளிக்குள் பசிக்காத பிள்ளை, வயிற்றுவலிப் பிள்ளை, சாம்பார் பிடிக்காத பிள்ளை, சாதி எல்லாம் கலந்து கிடக்கும். பிரித்தறிய வழியில்லை. சமையலர் மாறிய தேதிக்கு முன்னும் பின்னும் அந்த இடைவெளியை எடுத்து வைத்துப் பார்த்தால் ஏதாவது தெரியலாம். பதிவேடு ஒன்றியத்தில்தான் இருக்கிறது. யாரும் அப்படிப் பார்ப்பதில்லை.

பரிமாறுவதற்கு முன் ஆசிரியர் ஒருவர் ருசி பார்க்க வேண்டும் என்ற விதியும் உண்டு. 2013-இல் பிகார் மாநிலம் சரண் மாவட்டத்தில் பள்ளிச் சோற்றில் பூச்சிமருந்து கலந்து 23 பிள்ளைகள் இறந்தபிறகு இதில் கண்டிப்பு கூடியது. உணவுப் பாதுகாப்புக்கான விதிதான். ஆனால் ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வதும், பதிவேட்டில் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வீட்டிலிருந்து கொண்டுவந்த டப்பாவைத் திறப்பதும் ஒன்றா? பிள்ளைகள் இதையெல்லாம் கவனிக்கும். எந்தப் பாடப்புத்தகத்தின் முதல் பக்கத்தில் ‘தீண்டாமை ஒரு பாவச்செயல்’ என்று அச்சடித்திருந்தாலும், வாத்தியார் எதைச் சாப்பிடுகிறார் என்பதே அன்றைய பாடம்.

யார் மிச்சம் இருக்கிறார்கள்

சாதியை மட்டும் பார்த்தால் படம் முழுமையாகாது. வசதியுள்ள ஊர்க்காரர் பிள்ளைகள் ஏற்கெனவே மெட்ரிக் பள்ளி வேனில் ஏறிப் போய்விட்டார்கள். அவர்களுக்குச் சத்துணவுச் சமையலர் யாராக இருந்தாலும் கவலையில்லை. அரசுப் பள்ளியில் மிச்சம் இருப்பது தலித் பிள்ளைகளும், நிலம் குறைந்த, கூலிக்கோ பனியன் கம்பெனிக்கோ போகும் பிற்பட்ட சாதிக் குடும்பங்களின் பிள்ளைகளும். வருமானத்தில் இவர்களுக்கிடையே பெரிய வித்தியாசம் இருக்காது. அப்படி இருக்கையில் வேறுபாட்டைக் காட்ட அவர்கள் கையில் மிச்சமிருப்பது சாதி ஒன்றுதான். சொத்தும் படிப்பும் இருக்கிறவருக்கு மரியாதை பல வழிகளில் வரும். இல்லாதவர் பிறப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறார். இதை நான் சமாதானமாகச் சொல்லவில்லை. சாதியும் வர்க்கமும் ஒன்றையொன்று எப்படித் தாங்கிப் பிடிக்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

இங்கே பெற்றோரிடம் ஓர் ஆயுதம் உண்டு: டி.சி. மாணவர் எண்ணிக்கை சரிந்துகொண்டிருக்கும் பள்ளியில் பத்துப் பேர் ஒரே நாளில் டி.சி. கேட்டால் தலைமையாசிரியருக்கு வயிற்றைக் கலக்கும். ஆசிரியர் பணியிடம் போகும், பள்ளியையே மூடும் பேச்சு வரும். சமையலர் பக்கமோ ஒரே ஒரு பெண். தொகுப்பூதியத்தில் தொடங்கிய வேலை, ஊருக்குள் இருந்தே ஆக வேண்டிய வாழ்க்கை. தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதற்கு ஆராய்ச்சி வேண்டாம்.

அந்த நேரத்தில் ஒன்றிய அலுவலகத்தில் என்ன நடக்கும் என்பதைச் சொல்லிவிடலாம். இதை யாரும் தீண்டாமைக் குற்றமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், ‘பிரச்சினை’ என்பார்கள். பிரச்சினையைச் சுமுகமாக முடிக்க வேண்டும். ‘நாங்க சாதி பாக்கலீங்க, புள்ளைங்கதான் சாப்பிட மாட்டேங்குது’ என்று ஊர்ப் பெரியவர்கள் வருவார்கள். அந்த அம்மாவையும் கூப்பிட்டு, ‘ஏம்மா, உனக்கும் தினம் தொந்தரவு, பக்கத்து ஸ்கூல்ல போய் இரேன்’ என்பார்கள். அக்கறை போலத்தான் தொனிக்கும். உத்தரவில் காரணம் கேட்டால் ‘நிர்வாக நலன்’. சாதி என்ற சொல்லே கோப்பில் வராது. அரசியலமைப்பின் 17-ஆவது பிரிவு ஒழித்துவிட்டதாகச் சொல்லும் ஒன்று, நிர்வாக நலன் என்ற பெயரில் கையெழுத்தும் முத்திரையும் பெற்று வெளியே வரும். கதவைப் பூட்டியவர்கள் சட்டத்தை மீறினார்கள். மாறுதல் உத்தரவு அவர்கள் கேட்டதைச் சட்டத்தின் மொழியில் எழுதிக் கொடுத்தது. நான் அதை முக்கியம் என்றது இதற்காகத்தான். சார் ஆட்சியர் அதை ரத்து செய்தது வெறும் நிவாரணம் இல்லை. நிர்வாகம் தன் கையெழுத்தைத் தானே திரும்ப எடுத்துக்கொண்ட செயல் அது.

அமைச்சர் சாப்பிட்டார்

2023 செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் எல்லா ஊருக்கும் போன சில நாட்களிலேயே இரண்டு இடங்களில் இது மறுபடி கிளம்பியது. கரூர் மாவட்டம் வேலன்செட்டியூரில் தலித் பெண் சமைத்த காலை உணவைப் பெற்றோர் சிலர் தடுத்தார்கள். மாவட்ட ஆட்சியரே போய் அங்கே சாப்பிட்டு, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும் என்று எச்சரித்தார். தூத்துக்குடி மாவட்டம் எட்டயபுரம் பக்கத்து உசிலம்பட்டியில் கனிமொழி எம்.பி.யும் அமைச்சர் கீதா ஜீவனும் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். உசிலம்பட்டி விஷயத்தில் இது சாதியே இல்லை, ஊருக்குள் இருந்த பழைய விரோதம் என்ற பேச்சும் எழுந்தது. இருக்கலாம். ஆனால் விரோதத்தைத் தீர்த்துக்கொள்ள ஒருவருடைய சமையலைப் புறக்கணிப்பது என்ற வடிவம் எங்கிருந்து வந்தது? பகை தனிப்பட்டதாக இருந்தாலும் அதற்குக் கிடைத்த கருவி ஊர்ப் பொதுச்சொத்து.

இப்படிச் சாப்பிடுவதைப் படம் பிடிக்கும் நாடகம் என்று கேலி செய்தவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. சடங்கைச் சடங்கால்தான் எதிர்கொள்ள முடியும். ஆட்சியர் வராண்டாவில் சம்மணமிட்டு அந்தப் பெண் கையால் வாங்கிச் சாப்பிடும்போது, மாரியட்டின் கட்டத்தில் வாங்குகிறவர் இடத்தில் மாவட்டத்தின் உச்ச அதிகாரி வந்து உட்காருகிறார். ஊர் அதைப் பார்க்கிறது. குறை என்னவென்றால் ஆட்சியர் மறுநாள் வரமாட்டார். வாத்தியார் தினமும் வருவார்.

பிள்ளைகள் தாங்களாகவே முடிவெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு உத்தராகண்ட் மாநிலம் சம்பாவத் மாவட்டத்துச் சுகீதாங் பள்ளியைப் பார்க்கலாம். 2021 டிசம்பரில் அங்கே நியமிக்கப்பட்ட தலித் போஜன மாதா (அங்கே சமையலருக்கு அதுதான் பெயர்) சமைத்ததை மேல்சாதிப் பிள்ளைகள் சாப்பிட மறுத்தார்கள். நியமனத்தில் விதிமுறை சரியாகப் பின்பற்றப்படவில்லை என்று சொல்லி அதிகாரிகள் அவரை நீக்கினார்கள். திருப்பூரின் ‘நிர்வாக நலன்’ இந்தியில் இப்படி இருக்கும். அவருக்குப் பதிலாக மேல்சாதிப் பெண் வந்தார். உடனே தலித் பிள்ளைகள் அவர் சமைத்ததைச் சாப்பிட மறுத்துவிட்டார்கள். எங்கள் ஆள் சமைத்தது உங்களுக்கு ஆகாது என்றால் உங்கள் ஆள் சமைத்தது எங்களுக்கும் ஆகாது. கடைசியில் நீக்கப்பட்டவரையே மறுபடி வேலையில் சேர்த்தார்கள். வாங்க மறுக்கும் உரிமை மேலே இருப்பவருக்கு மட்டுமே என்ற விதியை அந்தப் பிள்ளைகள் உடைத்தார்கள். பெரியவர்கள் கொண்டாடத் தயங்கிய போராட்டம் அது. பிரிவினை வளர்ப்பதாகச் சிலர் சொன்னார்கள். முதல் மறுப்பை மட்டும் பழக்கவழக்கம் என்று பொறுத்துக்கொண்டவர்கள் இரண்டாவதைப் பிரிவினை என்றால் என்ன சொல்வது!

சேர்ந்து உண்பதால் மட்டும் சாதி சாகாது என்று அம்பேத்கர் 1936-இலேயே எழுதிவிட்டார். கலப்பு மணம்தான் உண்மையான மருந்து என்பது அவர் முடிவு. சமபந்தி விருந்துகள் நடந்த பல ஊர்களில் கலப்புத் திருமணத்துக்கு இன்றும் கொலை விழுகிறது என்பதைப் பார்த்தால் அவர் சொன்னது எவ்வளவு சரி என்று தெரிகிறது. ஆனாலும் பள்ளிச் சோறு விருந்து இல்லை. சமபந்தி விருந்து ஆண்டுக்கு ஒருமுறை, தலைவர் பேச்சோடு. இது ஆண்டுக்கு 200 நாளுக்கு மேல், பத்து வயதுக்குள் பழகும் நாக்குக்கு. ஆறு வயதுப் பிள்ளைக்கு ‘அந்த அம்மா சமைச்சா சாப்பிடாதே’ என்று வீட்டில் சொல்லிக்கொடுப்பதும், பள்ளியில் அதே அம்மா ‘இன்னும் கொஞ்சம் போடவா கண்ணு’ என்று கேட்பதும் ஒரே பிள்ளைக்குள் மோதுகின்றன. குடும்பம் என்ற நிறுவனமும் பள்ளி என்ற நிறுவனமும் இவ்வளவு நேரடியாக முட்டிக்கொள்ளும் இடம் வேறில்லை.

தமிழ்நாட்டில் காலியாக இருந்த 8,997 சமையல் உதவியாளர் பணியிடங்களை மாதம் 3,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் நிரப்ப 2024 இறுதியில் அரசு ஒப்புதல் கொடுத்தது. 3 கிலோமீட்டர் விதி அப்படியே இருக்கிறது. வேலைக்குச் சேரும் பெண்களுக்குச் சமையல் சுத்தம் பற்றிப் பயிற்சி தருகிறார்கள். மாறுதல் உத்தரவில் கையெழுத்துப் போடும் அலுவலர்களுக்கும் ஒரு நாள் பயிற்சி வைக்கலாம். பெற்றோர் எதிர்ப்பைக் காரணம் காட்டிச் சமையலரை இடமாற்றக் கூடாது, அப்படி மாற்றுவதானால் எதிர்ப்பின் காரணத்தைக் கோப்பில் எழுதி ஆட்சியர் ஒப்புதல் பெற வேண்டும் என்று ஒரு வரி அரசாணையில் சேர்த்தால் போதும். காரணத்தை எழுதச் சொன்னாலே பாதி மாறுதல்கள் நின்றுவிடும்.